தாழி கழுவியவன்

செப்டம்பர் பிறந்தும் மலைப்பக்கம் வெயில் மிச்சமிருந்தது.
கக்கேத்தியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்
கழுத்துவரை மண்ணில் புதைந்து
வாய் பிளந்து கிடந்தன ஏழு தாழிகள்.
திராட்சை வருமுன் கழுவியாக வேண்டும்.
குறுகிய வாய்.
பிள்ளை உடம்புதான் நுழையும்.

ஐந்து வருஷம் அக்கா இறங்கினாள்.
மக்வாலா உள்ளே போனால்
தாழிக்கே குரல் வந்துவிடும்.
செர்ரிப்பட்டைத் துடைப்பம் சுவரில் உரசும்,
நடுவே ஒரு சீட்டி,
"தண்ணி விடுங்க" என்று பூமிக்கடியிலிருந்து அதட்டல்.
அப்பா சிரித்துக்கொண்டே வாளியைக் கவிழ்ப்பார்.

போன குளிர்காலத்தில் ஒருநாள்
அம்மா அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.
வெளியே வந்தவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
இந்த வருஷம் துடைப்பம் என் கைக்கு வந்தது.
"அவள் இனி இறங்கக் கூடாது, ஒயின் கெட்டுப்போகும்"
என்றார் ஓத்தாரி சித்தப்பா,
குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பதுபோல.

ஆறு தாழிகளில் எப்படியோ இறங்கி ஏறினேன்.
ஏழாவது ஆயிரம் லிட்டர் இருட்டு.
ஏணியின் இரண்டாம் படியிலேயே
தோள் சிக்கிக்கொண்டது என்று கத்தினேன்.
சிக்கவில்லை.
அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு:
"பயலுக்குத் தோள் விரியுது!
போ, காலையில் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கு."

ராத்திரி நாய்கூடக் குரைக்கவில்லை.
அக்கா என் டார்ச்சைப் பிடுங்கவில்லை,
"நேராப் பிடி" என்றாள், அவ்வளவுதான்.
சீட்டி இல்லை. உரசல் மட்டும்.
ஏதோ ஒரு பெரிய மிருகம்
மண்ணுக்குள் மூச்சு விடுவதுபோல.
நான் வாளி வாளியாக ஊற்றினேன்,
என் பல் கிட்டிக்கொண்டிருந்தது,
நனைந்தவள் அவள்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள்.
துண்டை நீட்டினாள்.
இருவரில் யார் தலை ஈரம் என்று
அவள் பார்க்காமல் இருந்த விதம்
எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

காலையில் அப்பா
கடைசிக் கழுவல் நீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
பிறகு குடித்தார்.
"சுத்தம். என் மகன்."
கை என் தோளில் விழுந்தது. கனத்தது.

அறுவடை விருந்து.
போன வருஷத்து ஒயின், அவள் கழுவிய தாழியிலிருந்து.
கெட்டிருக்கவில்லை.
எட்டாவது வாழ்த்து பெண்களுக்கு.
ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்,
பெண்கள் யாரும் மேசையில் இல்லை.
முதன்முறையாக என் கையிலும் ஒரு கொம்புக் குவளை.
"நீ பேசுடா, தாழிக்காரா" என்றார் சித்தப்பா.

அக்கா பாலாடைக்கட்டி ரொட்டியோடு வந்தாள்.
நகக்கண்ணில் சுண்ணாம்பு.
"அந்த ஏழாவது தாழி..." என்று தொடங்கினேன்.
அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

அக்கா என் தட்டில்
கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தாள்.
பேசாதே என்றா, பேசு என்றா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.
ரொட்டி சுட்டது.