எந்தப் பக்கம் திரும்பினால்

பந்து அல்ல, கம்பம்.
இதை எல்லோரிடமும் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.
பந்தைத் தடுத்துவிட்டேன்.
தடுத்த வேகத்தில் கோல் கம்பம்
வலக்காதுக்குப் பின்னால் ஓங்கி அறைந்தது.
கிளாக்ஸ்விக் அரங்கில் நானூறு பேர்
ஒரே நொடியில் வாய் மூடினார்கள்.

மூளை அதிர்ச்சி என்றார் ஆஸ்பத்திரியில்.
ஸ்கேனில் ரத்தமில்லை. இருட்டில் படு, ஓய்வெடு.
படுத்தேன்.
ஜூன் மாதத்து ஃபாரோ தீவில் இருட்டுக்கு எங்கே போவது?
திரைச்சீலைக்கு மேல் போர்வை,
போர்வைக்கு மேல் ஹோக்னியின் மழைக்கோட்டு,
அதன் கைத்துளை வழியாகவும் வந்தது
நள்ளிரவு வெளிச்சம்.

சால்மன் ஆலையிலிருந்து இருமுறை கூப்பிட்டார்கள்.
தலை சுற்றுகிறது என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்குள்
எத்தனை வியாதி ஒண்டிக்கொண்டிருந்ததோ.

ஹோக்னி படகு இன்ஜின் பார்ப்பவன்.
எது கெட்டாலும் முதலில் நோட்டுப் போடுவான்.
எனக்கும் போட்டான்:
மணி, என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை விநாடி.
எரிச்சலாக இருந்தது.
நான் என்ன டீசல் பம்பா?

தண்ணீருக்காக வலப்புறம் புரண்டபோது. இருபத்திரண்டு.
மேல் அலமாரியில் மாவு எடுக்கையில். பதினெட்டு.
தூக்கத்தில் புரண்டு, விழித்து, கட்டிலைப் பிடித்து. இருபத்தைந்து.
அடுத்த பக்கத்தில் வேறு கூட்டம்:
கைபேசி பார்த்தபின் நெற்றி கனத்தது. இரண்டு மணி நேரம்.
கடையில் ஃப்ரீசர் விளக்கு. மதியம் முழுக்க.
தங்கையின் பெயர் நாக்குக்கு வரவில்லை. விநாடி எழுதப்படவில்லை.

ஏழாவது வாரம், டோர்ஷாவ்னிலிருந்து வியாழன்தோறும் வருகிற
பிசியோதெரபிஸ்ட் மார்யுன்
என் முகத்தைவிட நோட்டை அதிக நேரம் பார்த்தாள்.
"உனக்குத் தலை சுற்றுகிறதா, அறை சுற்றுகிறதா?"
யாரும் கேட்டதில்லை.
அறை, என்றேன்.
அலமாரி கதவைத் தூக்கிக்கொண்டு ஓடும்;
ஓடிக் களைத்து தானே திரும்பி வந்து நிற்கும்.
"இடப்புறம் புரண்டால்?"
ஒன்றுமில்லை.
அவள் பேனாவை மூடினாள்.

கழுத்தை முதலில் சோதித்தாள். பிறகு
தலையை வலப்புறம் திருப்பி, விருட்டென்று சாய்த்து,
மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டாள்.
"கண்ணை மூடாதே."
ஒன்று, இரண்டு, மூன்று. எதுவுமில்லை.
பொய் சொன்னேனோ என்று நினைத்த கணத்தில்
கூரை கழன்றது.
அவள் காதில் ஆடிய வெள்ளித்தோடு
ஐந்தாக, ஒன்பதாக, மேல்நோக்கி விழுந்தது.
என் கண்கள் தரையை நோக்கித்
திருகித் திருகி இழுப்பதை
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்,
வலை விழுந்ததும் மிதவையைப் பார்ப்பவள்போல.

காதுக்குள் சுண்ணாம்புத் துகள்கள் உண்டாம்,
கண்ணுக்குத் தெரியாதவை.
அடியில் இடம் பெயர்ந்து
ஓட வேண்டாத குழாயில் ஓடுகின்றனவாம்.
இருட்டில் படுத்தால் அவை வீடு திரும்பா.
உருட்டித்தான் அனுப்ப வேண்டும்:
இடப்புறம் தலை, பிறகு தோள், பிறகு முகம் தரை பார்க்க,
பிறகு மெல்ல எழுந்து உட்கார.
குமட்டியது. வாளியைக் காலால் தள்ளிக் கொடுத்தாள்.
இரண்டாம் முறை குமட்டவில்லை.

"அப்படியானால் மூளை அதிர்ச்சி இல்லையா?"
"அதுவும் இருக்கிறது" என்றாள், கையைக் கழுவியபடி.
"ஒரே அடியில் இரண்டு.
ஒன்றைக் கண்டதும் இன்னொன்றைத் தேடுவதை விட்டுவிட்டார்கள்."

திரும்பும் வழியில் குனிந்து ஷூ நாடா கட்டினேன்.
தரை தரையாகவே இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினேன்.
கடைக்குள் போனோம்; ஃப்ரீசர் விளக்கு
பழைய இடத்திலேயே ஆணி அடித்தது.
சரி. இது உன் பக்கம், அது அந்தப் பக்கம்.
வலிக்கிற தலையோடு
முதன்முறையாகக் குழம்பாமல் காரில் உட்கார்ந்திருந்தேன்.

இரவு வலப்புறம் புரண்டேன்.
அந்தப் பக்கம்தான் ஹோக்னி படுப்பான்.
ஏழு வாரமாக அவன் பார்த்தது என் முதுகை.
தாடி வளர்ந்திருந்தது.
கட்டில் அசைந்ததும்
கண் திறக்காமலே பென்சிலைத் துழாவினான்:
"எத்தனை விநாடி?"