இடப்பக்கம் இருபத்திரண்டு மில்லி

வெள்ளிக்கிழமை. இப்ரி சனாயாவில்
எல்லா ஷட்டரும் தொழுகைக்கு இறங்கிவிட்ட நேரம்.
மூடிய டயர் கடையின் நிழலுக்கு வாடகை இல்லை.
மூன்று லட்சத்துச் சொச்சம் ஓடிய என் வெள்ளை இசுசு
பின்னங்கால் உயர்த்தி, மூக்கைத் தரைக்குத் தாழ்த்தி
மோப்பம் பிடிக்கிற நாய்போல நின்றது.

போன வாரம்
ஆட்டுப்பண்ணைக்குப் புல்லுக்கட்டு ஏற்றிப் போகையில்
வாதியில் அதன் வயிற்றைக் கல் இடித்த சத்தம்
இன்னும் என் கடைவாய்ப் பல்லில் இருக்கிறது.

கையில் இருபத்தைந்து ரியால்.
தூக்கிக் கட்டும் சாமான்களுக்குக் கடையில் கேட்டது நூற்றெண்பது.
"கட்டை வெட்டி அடியில் சொருகிடலாம்ணே, அஞ்சு ரியால்"
என்றான் பக்கத்து அறை வில்சன்.
பிரிட்டோ அவனை ஏற இறங்கப் பார்த்தான்.
"கட்டிலுக்கு வை, தம்பி. கட்டிலு நூத்தி இருபதுல ஓடாது."

முதலில் டேப்பை எடுத்தான்.
சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை.
வலது நானூற்று எண்பத்திரண்டு.
இடது நானூற்று அறுபது.
மறுபடி அளந்தான். அதேதான்.
கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்:
வலப்பக்க சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை
பதினோரு வருடமாய்க் கிழியாமல்.
"எபி, இந்தப் பக்கம் ஒருத்தரும் உக்காந்ததே இல்லையா?"
நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினேன்.
"டேங்கும் உன் பக்கம்தான் இருக்கு,
எல்லாத்தையும் உன் தலையில போட முடியாது" என்றான், பிறகு.

சாவியைப் பிடுங்கித் தன் பையில் போட்டான்.
பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்.
ஜாக்கி தூக்கலாம், தாங்கக் கூடாது.
சட்டத்தை இரண்டு ஸ்டாண்டில் உட்காரவைத்து
தோளால் ஓங்கி இடித்தான். அசையவில்லை.
"ஜாக்கிய நம்பினவன் பெட்டியில போவான்,
பெட்டிக்குக் கார்கோ காசு யாரு கட்டுறது?"
சிரித்துக்கொண்டே தலையை உள்ளே நுழைத்தான்.

முன்பக்கம் சுருள் கிடையாது இந்த மாடலுக்கு.
நீண்ட இரும்புக் கம்பி ஒன்று
தன்னைத் தானே முறுக்கிக்கொண்டு வண்டியைச் சுமக்கிறது.
சக்கரம் தொங்கினால்தான் அதன் கோபம் தணியும்,
அப்போதுதான் போல்ட்டில் கை வைக்கலாம்.
பழைய இடத்தைப் பெயின்டால் கோடிட்டான்.
இடதுக்கு ஏழு சுற்று. வலதுக்கு மூன்று.

"இன்னும் ரெண்டு சுத்தேன்," என்றேன்.
தொங்கும் சக்கரத்தருகே என்னைக் குனியவைத்து
பிரேக் ஹோஸைக் காட்டினான்: விரலளவு தளர்வு மிச்சம்.
ஆக்சில் ரப்பரின் மடிப்பு விரிந்து
வாய் பிளக்கப் பார்த்தது.
நான் ஒன்றும் பேசவில்லை.

பின்பக்கத்தைத் தொடவே இல்லை.
புல்லுக்கட்டு ஏறினால் தானே பணியும்.

இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அளந்தால்
இடது ஐந்நூற்று மூன்று. வலது ஐந்நூறு.
"மூணு மில்லி கூடுதல்டா."
"ஏறி உக்காரு."
உட்கார்ந்தேன். டேப் சத்தம் கீழே.
"ஐந்நூறு."
நான் இறங்கினால் சாய்ந்துவிடுகிற சமம்.

இருட்டியபின் சுவருக்கு எதிரே நிறுத்தி
வானம் பார்த்த ஹெட்லைட்டைத் தரைக்குத் திருப்பினோம்.
எதிரே வருகிறவன் கண்ணும் கண்தானே.
துரு எண்ணெய் ஒன்று இருநூறு, பிரியாணி மூன்று,
நாளைக்கு வீல் அலைன்மென்ட் எட்டு.
பிரிட்டோ கூலி வாங்கவில்லை,
ஒரு டப்பா மத்தி ஊறுகாய் மட்டும் கேட்டான்.
"நூறு கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி
லாக் நட்டை முறுக்கிப் பாரு. மறந்துறாத."

ஃபஹூத் சாலையில், நூற்றுநான்காவது கிலோமீட்டரில்
ஓரம் கட்டினேன். மணல் சுட்டது.
வலது இறுக்கமாய் இருந்தது.
இடது, கால் சுற்று வாங்கிக்கொண்டது.

ஸ்பேனரைப் பக்கத்து சீட்டில் போட்டேன்.
பிளாஸ்டிக் உறை லேசாக நொறுங்கிச் சத்தமிட்டது.