பதினான்காம் எண் வீடு, ராஸ் அல் கைமா

இந்தத் தெருவில் சத்தம் என்றால்
தண்ணீர் தெளிப்பான் சுழல்வதுதான்.
விடியற்காலை நாலரைக்கு
டிக் டிக் டிக் என்று
இருபத்திரண்டு புல்வெளிகளுக்கும்
உப்பெடுத்த கடல்.
பிறகு தூரத்துப் பாங்கு.
பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லைக்குத்தான் மேடம் இந்த விலை
என்றான் விற்க வந்த பையன்,
மங்களூர்க்காரன், கழுத்துப்பட்டை இறுக்கி வியர்த்திருந்தான்.

கம்பி, சிமெண்டு, ஓடு எண்ணிச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
சுவரைத் தட்டிப் பார்த்தேன். பாதி பொள்ளல்.
தனிஸ்லாஸ் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு
தொட்டி எங்கே, எத்தனை லிட்டர் என்றார்.
தூத்துக்குடிக்காரர்.
தண்ணீர் வந்தாலும் நம்பமாட்டார்.

வீட்டுக்கு வீடு பெயர்.
ஒன்று வில்லோ, ஒன்று ஏதோ ஓடை.
ஓடையும் இல்லை, வில்லோவும் இல்லை,
முருங்கை மட்டும் ஒன்று
எப்படியோ மதிலோரம் முளைத்து நிற்கிறது.
வாசலில் சிவப்புத் தபால்பெட்டி.
வாசலுக்குத் தபாலே வராத நாடு இது.
ஆனாலும் வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறார்களாம்.

பதினெட்டுப் பக்கம் விதிமுறை தந்தார்கள்.
வெளியே தெரியத் துணி காயப்போடக் கூடாது.
வேலிச்செடி இடுப்பளவு.
ஞாயிறு பத்து மணிக்கு முன் சுவரில் துளை போடக் கூடாது.
குக்கர் விசிலைப் பற்றி ஒன்றும் இல்லை.
இரண்டு தடவை படித்தேன்.

விற்கிறவர்கள் கீத், பெவர்லி.
முப்பத்தொரு வருடம்.
அவருக்கு மூட்டு போய்விட்டது,
காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிட்டான்.
ஊருக்கே போகிறோம் என்றாள்,
சின்ன ஊர், அமைதியான ஊர்,
அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது.
பாலை முதலில் ஊற்றி
பிறகு டீயை ஊற்றினாள்.
கை நடுங்கித் தட்டில் சிந்தியதை
நாங்கள் மூவரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

அப்புறம் பின்பக்கம் கூட்டிப்போனாள்.
போகன்வில்லாவுக்குக் கீழே ஒரு தட்டைக் கல்.
பார்ஸ்லி என்று செதுக்கியிருந்தது.
பன்னிரண்டு வருடம் இருந்த நாயாம்.
இங்கே தோண்டமாட்டோம் என்று
எழுதித் தரமுடியுமா என்றாள்.

அதற்குப் படிவத்தில் இடமில்லை மேடம்
என்றான் பையன்.

மூன்றுக்கு இரண்டு. ஆறு சதுர அடி.
அடிக்குத் தொள்ளாயிரத்து எண்பது திர்ஹம்.
கேட்காமலே மனசு பெருக்கிவிட்டது,
ஐயாயிரத்து எண்ணூற்று எண்பது.
வெட்கத்தில்
என் பேனாவை எடுத்து
விதிமுறைப் புத்தகத்தின் பின்னட்டையில்
எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
சட்டப்படி அது வெறும் காகிதம்.
மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடன் இருபது வருடம்.
விசா இரண்டு வருடம்,
அதுவும் கம்பெனி மனது வைத்தால்.
திரும்பும் வழியில் சிக்னலில் நிற்கையில்
தனிஸ்லாஸ் சொன்னார்:
அந்தத் தெருவிலேயே
போகாமல் தங்கிவிட்டது அந்த நாய் மட்டும்தான்.
சிரிப்பார் என்று பார்த்தேன்.
பச்சை விழுந்தது.

குடிவந்த மறுநாள்
சாம்பாருக்குப் பருப்பு வைத்தேன்.
ஒன்று.
எதிர்வீட்டுத் திரை அசைந்தது.
இரண்டு.
மதிலுக்கு மேலே ஒரு வைக்கோல் தொப்பி,
கையில் செடி வெட்டும் கத்தரி.
பெயர் ட்ரிஷ் என்றாள்.
பார்ஸ்லி போனதிலிருந்து
இந்தப் பக்கம் சத்தமே இல்லை என்றாள்.

புகாரா வரவேற்பா
அவள் ஆங்கிலத்தில் எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.
அவளும் விளக்கவில்லை,
தொப்பி இறங்கிப் போய்விட்டது.

மூன்று.

நாலாவதுக்கு முன் அடுப்பை அணைத்தேன்.
அன்றைக்குப் பருப்பு
சரியாக வேகவில்லை.