கீழே வைக்க முடியாத கிண்ணம்

மருத்துவர் எத்தெரி எழுதித் தந்த சீட்டில்
ஒன்பது 'கூடாது', ஒரே ஒரு 'செய்'.
வெள்ளை ரொட்டி கூடாது.
பாலாடைக்கட்டி உருகி வழியும் கச்சாபுரி கூடவே கூடாது.
ஒயின் என்று எழுதும்போது மட்டும்
பேனா கொஞ்சம் தயங்கியது.
அவளும் ககேத்திக்காரிதானே.
கடைசி வரி: நட.

திபிலீசியில் நடப்பது என்றால் ஏறுவது.
குன்றுக்குப் போகும் படிகள்
எங்கள் தெருக் குப்பைத்தொட்டிக்குப் பின்னாலேயே தொடங்குகின்றன.
முப்பது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்,
படிகளைப் பார்த்ததில்லை.

முதல் வாரம் முசுக்கட்டை மரம் வரை.
அடுத்த வாரம் பூனைகள் வெயில் காயும் திருப்பம் வரை.
அதன்பின் நுக்ஸார் சேர்ந்துகொண்டான்,
பல் கட்டும் பட்டறையில் என் கூட்டாளி.
அவன் எண்ணிக்கையில் ஐந்நூற்றுப் பதினொரு படிகள்.
என் எண்ணிக்கையில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இரண்டு நாள் பேச்சில்லை.
பிறகுதான் கண்டுபிடித்தேன்:
மூச்சு வாங்கி நிற்கும் படியை
அவன் மறுபடி ஒருமுறை எண்ணுகிறான்.
"நின்றதற்கும் கூலி வேண்டாமா?" என்றான்.

நான் பல் செய்பவன்.
ஊரார் கடிக்க, மெல்ல, சிரிக்க
வாயை வளமாக்கித் தருபவன்,
என் வாயை நானே கட்டிக்கொண்டு.
போன வியாழக்கிழமை ஒரு பெண்மணி
புதுப் பல்லைப் பொருத்தியதும் கண்ணாடி கேட்கவில்லை,
கைப்பையிலிருந்து ஆப்பிளை எடுத்தாள்.
நறுக்.
எனக்கு ஊறிய எச்சில்
ஆப்பிளுக்கானது அல்ல.

உச்சியில் இருக்கிறது அது.
எண்ணெயில் புரண்டு எழுந்த பொன்ச்சிக்கி,
உள்ளே சுடச்சுட முட்டைப்பால் கூழ்,
மேலே சீனித்தூள், மார்கழிப் பனிபோல.
யார் வைத்தார்கள் அதைக் கொண்டுபோய் அங்கே?
அத்தனை படி ஏறி இளைத்தவனை
கடைசிப் படியில் மடக்கவென்றே?
இரண்டு மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோம்,
கடன்காரன் வீட்டைக் கடப்பதுபோல.

செப்டம்பரில் லாஷாவின் கல்யாணம்.
வாழ்த்துச் சொல்பவர் எழுந்து
இறந்தவர்களுக்காக என்றார்.
மாட்டுக்கொம்பில் ஒயின் என்னிடம் வந்தது.
கொம்புக்கு அடிப்பாகம் கிடையாது,
குடிக்காமல் கீழே வைக்க முடியாது,
வைத்தால் சாயும், கொட்டும்.
என் அப்பாவும் அந்தப் பெயர்களில் இருந்தார்.
குடித்தேன்.
இந்த உடம்பும் அப்படித்தான் என்று தோன்றியது அப்போது:
எங்கேயும் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டுப்
போய்வர முடிகிறதா?
அடுத்த கொம்பில் அந்த ஞானமும் கரைந்தது.

திங்கட்கிழமை படிகள் கூடியிருந்தன.
நுக்ஸாரின் கணக்கே சரியென்று பட்டது.

அக்டோபரில், ஒரு காலை,
பூனைத் திருப்பத்தில் காலணிக் கயிறு அவிழ்ந்தது.
குனிந்தேன். கட்டினேன். நிமிர்ந்தேன்.
அதன்பிறகுதான் உறைத்தது:
நாலு வருடமாக நான் வாங்கியதெல்லாம்
கயிறில்லாத காலணிகள்;
இந்த ஜோடியையும் மனானாதான்
வாசலில் மண்டியிட்டுக் கட்டிவிடுவாள்,
ஒரு சொல் சொல்லாமல்.
நடுவில் நின்றிருந்த வயிற்றை
யாரோ கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மூக்கைப் பொத்தவில்லை.
ஒன்றே ஒன்று வாங்கினோம்.
நுக்ஸார் சட்டைப்பையிலிருந்து
மெழுகு வெட்டும் கத்தியை எடுத்தான்.
முப்பது வருடக் கை, மயிரிழை பிசகாது.
கத்தி சரிபாதியில்தான் இறங்கியது,
கூழ் முழுக்க அவன் பக்கம் ஓடிவிட்டது.
"பாதிதானே?" என்றான், உதடெல்லாம் மஞ்சள்.
கீழே நகரம், பழுப்பு நதி,
எங்கோ ஒரு மாடியில் உலரும் சிவப்புப் போர்வை.
வெறும் மாவுப் பாதியை மெல்ல மெல்லத் தின்றேன்.
அவ்வளவு ருசி.

இழுவை ரயில் பழுது என்று பலகை தொங்கியது.
நடந்தே இறங்கினோம்.
ஏறும்போது நெஞ்சு பேசும்,
இறங்கும்போது முழங்கால் ஏசும்.

மனானா என் மீசையைப் பார்த்தாள்.
சீனித்தூளைப் பார்த்தாள்.
குனிந்து கட்டிய முடிச்சையும் பார்த்தாள்,
அது கோணலாக இருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
குப்பைப் பையை என் கையில் கொடுத்து,
"போய்க் கொட்டிவிட்டு வா" என்றாள்.
மறுபடி
படிகளின் அடிக்கே போனேன்.