ஏழாம் கட்டம்

படிவத்தில் ஏழாம் கட்டத்தை அடித்துவிடச் சொல்லி
வக்கீலிடமிருந்து இரண்டு வரி.
மிச்சமிருந்த நாற்பத்து மூன்று தாள்களிலும்
அளவுகோல் வைத்துக் கறுப்பு மையால் கோடிழுத்தேன்.
புதிதாக அச்சடித்திருக்கலாம்.
காசு இருந்தது. மனம்தான் இல்லை.

ஆறாம் கட்டம்: வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா.
எட்டாம் கட்டம்: பிள்ளையை அழைத்துப்போக யார் யார் வரலாம்.
நடுவே ஒரு கறுப்புப் பட்டை,
சிறையிலிருந்து வந்த கடிதம் போல.

ஐடஹோவில், இந்த நேம்பா ஊரில்
அக்டோபர் என்றால் சர்க்கரை ஆலையின் வாடை.
பீட் கிழங்கு வேகும் அந்தப் புளித்த ஆவி
யாரைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது?

எங்கள் ஆட்கள் கேட்காத கேள்வியா.
சம்பளம் எவ்வளவு, வீடு சொந்தமா,
மூன்று வருஷமாச்சே, விசேஷம் ஒன்றுமில்லையா என்று
ரயிலில் எதிரே உட்கார்ந்தவரையே கேட்டுவிடுவோம்.
நான் கேட்க விரும்பியது ஒன்றே ஒன்று:
ஊசி போட்டாயிற்றா?

கேட்கலாம் என்கிறார் வக்கீல்.
பதில் எதுவானாலும்
கதவைச் சாத்தக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.
சாத்த முடியாத கதவுக்குப் பக்கத்தில் நின்று
கேள்வி எதற்கு?

வெஸ்டனின் அம்மா டானியா ஹாட்லாக்
பாய்சிக்குப் போய், சட்டசபைக் குழுவின் முன்
மூன்று நிமிடம் பேசியவள்.
மூத்தவனுக்கு ஊசி போட்ட மறுநாள் வலிப்பு.
ஊசியால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.
ஊசியால் இல்லை என்று
அவள் எதிரே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டும்
யாரும் சொல்லவில்லை.
போன ஜனவரியில் நான் எழுமுன் வந்து
என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவளும் அவள்தான்.
அவளை வெறுக்க எனக்கு வசதிப்படவில்லை.

நயேலிக்கு நான்கு வயது.
கீமோவின் கடைசிச் சுற்று முடிந்து
வாத்துக்குஞ்சின் மேனி போல
தலையில் முடி எழும்பிக்கொண்டிருந்தது.
அவளுக்கு இப்போதைக்கு ஊசி போட முடியாது.
அவளுடைய ஊசி
மற்றப் பிள்ளைகளின் தோள்களில் இருக்கிறது,
அல்லது இல்லை.

அப்பா எஃப்ராயின் ஒல்வேரா
தொப்பியைக் கழற்றாமல் கேட்டார்:
"திங்கட்கிழமை கூட்டிவரலாமா? உள்ளே எத்தனை பேர்..."
அவர் முடிக்கவில்லை.
நானும் முடித்து வைக்கவில்லை.
இரண்டு ஊர் தள்ளித் தட்டம்மை என்று
அந்த வாரம்தான் செய்தி.
பெற்றவளுக்கும் நோய்க்கும்
அம்மை என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
நான் இந்த இருவருக்கும் என்ன விளக்க?

என் இடது தோளில் காசளவு ஒரு பள்ளம்.
கை குட்டையான சட்டை போடும் நாட்களில்
வெஸ்டன் அதில் விரலை வைத்து
"இங்கே பட்டன் இருந்ததா?" என்பான்.
இருந்தது.
பிறந்த வாரமே தைத்துவிட்டார்கள்,
என்னைக் கேட்கவில்லை.

வெள்ளி மாலை. கார் நிறுத்துமிடத்தில்
டானியாவும் எஃப்ராயினும்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், கையில் துடைக்கும் துணி.
முதல் பனி, மாவு சலித்தாற்போல.
அவள் போனை நீட்டி ஏதோ காட்டினாள்.
அவர் தொப்பியைக் கழற்றினார்.
பிறகு அவர் ஏதோ சொல்ல
அவள் இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டாள்.
பத்து நிமிடம் இருக்கும்.
பழைய நானாக இருந்தால்
என்ன பேசினீர்கள் என்று ஓடிப்போய்க் கேட்டிருப்பேன்.

திங்கள், ஒன்பது மணி.
நயேலியின் கொக்கியில் கோட்டு இல்லை.
வெஸ்டனின் கொக்கியிலும் இல்லை.
யார் யாருக்காக விலகினார்கள்,
யார் யாருக்குப் பயந்தார்கள்.
போனை இரண்டு முறை எடுத்தேன். வைத்தேன்.

இருவரையும் சேர்த்து எண்ணி
காலையிலேயே பதினொரு கிண்ணம் ஆப்பிள் நறுக்கியிருந்தேன்.
ஒன்பது காலியாயின.
மிச்சம் இரண்டையும் கொட்ட மனம் வரவில்லை.
பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பார்த்தேன்.
விளிம்பில் பழுப்பேறியிருந்தன துண்டுகள்,
இரண்டு கிண்ணத்திலும் ஒரே மாதிரி.