தரையிலிருந்து ஒரு அடி

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம்.
அதன் பெட்டியைத் தரையிலிருந்து ஒரு அடியில் மாட்ட வேண்டும்.
புகை மேலேறும்; அதற்கான கண் கூரையில்.
கதவில் காந்தம், நிலையில் இரண்டு இரும்பு நாக்கு:
காந்தம் நகர்ந்தால் நாக்குகள் பிரியும்,
தெருநாய் அத்தனையும் எழுந்துவிடும்.

பதினோரு வருஷமாய் இதுதான் எனக்குச் சோறு.
செம்மண்டலத்து மாடிவீடுகளில்
துபாய்க்காரர்களின் காலி அறைகளைக்
காவல் காக்கும் கண்களைப் பொருத்துகிறேன்.
அந்தக் கண்ணுக்கு முகம் தெரியாது.
சுவரின் சூட்டுக்கு முன்னால்
நகர்கிற வேறொரு சூடு,
அவ்வளவுதான் அதற்கு மனுஷன்.
கத்திரி வெயிலில், கரண்ட் போன ஒரு மதியம்,
சுவரும் நானும் ஒரே சூடாகிவிட்டோம்.
அதன் எதிரே நின்று கையை வீசி வீசிப் பார்த்தேன்.
பேட்டரி இருந்தது.
சிவப்பு சிமிட்டவில்லை.
நான் இல்லை.

அஞ்சலாட்சி கூப்பிட்டது அந்த வாரம்.
பாத்திரம் தேய்க்கிற வீட்டு அடுப்படியில் பார்த்தாளாம்.
‘அதே மாரி வெள்ளப் பொட்டி ஒண்ணு.
தவணைல குடுப்பியா தம்பி?’

உப்பனாற்றுக்கு இந்தப் பக்கம்
தொழிற்பேட்டை மதிலை ஒட்டிய தெரு.
சிலிண்டர் காலியாகிச் சித்திரையோடு மூன்று மாசம்;
அதன்மேல் துணி மடித்து வைத்திருந்தாள்.
சமையல் விறகில்.
‘அப்புறம் எதுக்குக்கா இது?’

‘ராத்திரி ரெண்டு மணிக்கு வாசன வருது.
ஒரு நாள் அழுகுன முட்டகோசு.
ஒரு நாள் நகப்பூச்சு.
ஒரு நாள் பலாப்பழம், நல்லா பழுத்தது,
அன்னிக்கித்தான் புள்ள ரொம்ப இருமுனா.
போன் பண்ணா வர்றாங்க, காலைல பத்து மணிக்கு.
மோந்து பாத்துட்டு ஒண்ணுமில்லியேம்மாங்கறாங்க.
எம் மூக்கு சொன்னா எழுத மாட்டங்கறாங்க.
பொட்டி சொன்னா எழுதுவாங்கள்ல?’

உள்ளே உளுந்தளவு ஒரு மணிதான் அக்கா,
எப்போதும் சூடாகவே இருக்கும்,
வாயு பட்டால் அதன் தடை தளர்ந்து
மின்சாரம் பாயும், பெட்டி கத்தும்,
எந்த வாயு என்று அதற்குப் பேர் சொல்லத் தெரியாது
என்றேன்.
‘எனக்குந்தான் தெரியாது’ என்றாள்.

மூக்கு பத்து நிமிஷத்தில் பழகிவிடும்.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தூங்கச் சொல்லும்.
பெட்டி பழகாது. அதற்கு அந்த நாகரிகம் இல்லை.

கடையில் ஒன்று திரும்பி வந்து கிடந்தது.
சாம்பிராணிக்குக் கத்துகிறது, சென்ட்டுக்குக் கத்துகிறது,
மருமகள் நகப்பூச்சு போட்டால் கத்துகிறது
என்று ஒரு வக்கீல் வீட்டில் வீசாத குறையாய்க் கொடுத்தார்கள்.
ரசீதின் பின்னால் என் கையெழுத்து:
‘பொய்க்குக் கத்தும். விற்க வேண்டாம்.’

அதைத்தான் எடுத்துப் போனேன்.

எந்த உயரத்தில் மாட்டுவது?
மதிலுக்கு அப்பாலிருந்து வருவது
கனமா லேசா, யாரைக் கேட்க?
டேப்பை இழுத்துக்கொண்டு குழம்பி நின்றேன்.
பாயில் அவள் மகள் பகல் தூக்கம்,
ஒருக்களித்த முகம், வாய் லேசாய்த் திறந்து.
மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளித்
துளை போட்டேன். எழவில்லை.

நேற்று ராத்திரி போன்.
அஞ்சலாட்சி பேசவில்லை.
போனைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்திருக்கிறாள்,
வீல், வீல், வீல்,
நடுவே இருமல்,
பிறகு அவள் குரல்:
‘கேக்குதா?’

திருப்பாப்புலியூரில் என் ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.
மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்.
வேப்பம்பூ. சாக்கடை. வேறொன்றும் இல்லை.

கேக்குதுக்கா.
விளக்கைப் போட்டு, பில் புத்தகத்தைப் பிரித்து
எழுதுகிறேன்: இரண்டு பதினேழு.