பிழைத்த வெடி

பன்குளத்துத் தேக்கங்காடு, மரம் 417.
மஞ்சள் பெயின்ரால் எழுதியவர் பீட் ஒபிசர் றிஸ்வி;
ஏழின் வால் வழிந்து வேர்வரை போயிருந்தது.

கந்தளாய் மில்லில்
இரண்டாவது பலகை இறங்கும்போது
வாள் கத்தியது.
மூன்று பல் போச்சு.
முதலாளி கொப்பியை எடுத்தார்,
என் கூலியில் கழிக்க.

உளியால் கெல்லினேன்.
மிளகளவு இரும்பு உருண்டை,
சுற்றிலும் மரம் கறுத்துப்போய்.
வளையம் எண்ணத் தேவையில்லை:
அது என் சைக்கிள் பெயாரிங்.

ஈயம் முடிந்த இரவு,
பதினாறு வருசத்துக்கு முந்தி.
ஓவசியர் குலவீரசிங்கம்
என் பின்சில்லைக் கழற்றி
உருண்டைகளை இடியனுக்குள் போட்டு இடித்தார்.
"என்ர வெடி பிழைக்காது."
வெடித்தது. பண்டி விழவில்லை.
"பட்டிட்டுது, ரத்தத்தைப் பார்" என்றார்.
விடியும்வரை டோச்சோடு தேடினேன்,
சருகில் பனிதான்.
பிறகு ஜீப் போய்விட்டது.
ஒற்றைச் சில்லுச் சைக்கிளைத் தோளில் போட்டு
நாலு கட்டை நடந்தேன்.

முதலாளி உருண்டையைக் கேட்டார்.
கொடுக்கவில்லை;
கழித்தது அதற்கும் சேர்த்துத்தானே.

போன கிழமை
என் சோளத்தை உழுதுவிட்டுப் போயின
அந்தப் பண்டியின்
பேரப்பிள்ளைகள்.